2 ஓம் இருந்த கதவில் 4 ஓம் ஸ்பீக்கர்: "ஒன்றும் ஆகாது" என்று சொன்னவர் பதில் சொல்லட்டும்

செம்புக்கம்பி:
நேற்று புதுச்சாவி ஒரு கேள்வி கேட்டிருந்தார். 2003 மாடல் எஸ்யூவி, முன்கதவு ஸ்பீக்கர் இரண்டிலும் அதிர்ந்து ஒலி தரும் கோனைச் சுற்றியிருக்கும் ஃபோம் பொடிந்து உதிர்ந்துவிட்டது, என்ன வாங்கலாம் என்று. அதற்கு நாலுசக்கரம் கொடுத்த பதில் இது: "6.5 இன்ச்சில் எது வேண்டுமானாலும் வாங்குங்கள், ஓட்டை பொருந்தினால் போதும், மின்தடை, அதாவது ஓம், மாறினால் ஒன்றும் ஆகாது." அந்தத் தம்பியும் நம்பி வாங்கி மாட்டிவிட்டு, "கிழிந்த பழசே இதைவிடச் சத்தமாகப் பாடியது" என்று இன்று காலையில் எழுதியிருக்கிறார். படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

அந்த வண்டியில் சீட்டுக்கு அடியில் கம்பெனியே வைத்த ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர்) தனியாக இருக்கிறது. கழற்றிய பழைய ஸ்பீக்கரில் மல்டிமீட்டர் வைக்கச் சொன்னேன். 1.8 காட்டியது. மீட்டர் சற்றுக் குறைத்துத்தான் காட்டும், 1.8 என்றால் அது 2 ஓம் ஸ்பீக்கர். புதியது 3.5 காட்டுகிறது, அது 4 ஓம். ஆம்ப் தரும் வோல்ட் மாறவில்லை. ஓம் இரண்டு மடங்கானால் கரண்ட் பாதி, வாட்டும் பாதி. பாதி போய்விட்டது. ஒன்றும் ஆகாது என்றவர் வந்து பதில் சொல்லட்டும்.

நாலுசக்கரம்:
வந்துவிட்டேன். வாட் பாதி, சரி. சத்தம் பாதியா? வாட் பாதியானால் சத்த அளவில் குறைவது 3 டெசிபல். காதுக்குச் சத்தம் பாதியாகப் பட வேண்டுமானால் ஏறக்குறைய 10 டெசிபல் குறைய வேண்டும். வால்யூமைக் கொஞ்சம் ஏற்றினால் தீர்கிற விஷயத்துக்குப் "பாதி போய்விட்டது" என்று ஊரைக் கூட்டுகிறீர்கள். நான் மூன்று பழைய வண்டிகளுக்கு என் கையாலேயே ஸ்பீக்கர் மாற்றியிருக்கிறேன், ஒரு தடவைகூட மீட்டரைத் தொட்டதில்லை. மூன்றும் இன்றைக்கும் பாடுகின்றன.

செம்புக்கம்பி:
அந்த மூன்று வண்டியிலும் தனி ஆம்ப் இருந்ததா? இருந்திருக்காது. ஸ்டீரியோவிலிருந்து நேராக 4 ஓம் ஸ்பீக்கருக்குப் போகிற வண்டியில் 4 ஓமைக் கழற்றி 4 ஓமைப் போட்டுவிட்டு, உலகத்து வண்டி எல்லாம் இப்படித்தான் என்று ஒருவருக்கு ஆலோசனை சொல்லியிருக்கிறீர்கள். பாதி என்றால் பாதிதான். ஜார்ஜ் ஓம் என்ற விஞ்ஞானி 1827இல் எழுதிவைத்த விதி உங்கள் மூன்று வண்டிக்காக மாறாது.

அளவுகோல்:
இருவரும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். ஒருவர் பாதி என்பது வாட்டை, மற்றவர் பாதி இல்லை என்பது காதில் விழும் சத்தத்தை. முதலில் எதைப் பாதி என்கிறோம் என்று முடிவு செய்யுங்கள். அப்புறம், ஸ்பீக்கர் பெட்டியில் சென்சிட்டிவிட்டி (கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது) என்று போட்டிருக்கும் டெசிபல் 1 வாட்டுக்கு அளந்ததா, 2.83 வோல்ட்டுக்கு அளந்ததா என்றும் பாருங்கள். 2.83 வோல்ட் என்பது 8 ஓமில் 1 வாட், 4 ஓமில் 2 வாட், 2 ஓமில் 4 வாட். இது தெரியாமல் இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிட முடியாது.

நாலுசக்கரம்:
வோல்ட் கணக்கு இருக்கட்டும் சார். சத்தம் பாதி என்று சொன்னது தவறா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்.

செம்புக்கம்பி:
தவறில்லை. பாதி போனது பாதி போனதுதான்.

புதுச்சாவி:
என்னால் சண்டை வேண்டாம் அண்ணே. சத்தம் குறைந்தது ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு அதைவிட உறுத்துவது பேஸ். முன்பு ட்ரம் அடித்தால் கதவில் சாய்த்த முழங்கையில் அதிர்வு தெரியும். இப்போது தொண்டை கட்டியவர் பாடுவது போல மெலிந்து கேட்கிறது. இன்னொன்று கவனித்தேன்: பேலன்ஸை முழுக்க இடது பக்கம் தள்ளினால் பேஸ் வருகிறது, நடுவில் வைத்தால் காணாமல் போகிறது. கழற்றும்போது கதவின் உள்பக்க மூடியான டோர் பேடின் கிளிப் நான்கு உடைந்தது, உள்ளே ஒட்டியிருந்த கருப்பு பிளாஸ்டிக் ஷீட்டும் கிழிந்துவிட்டது. ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருக்கிறேன்.

மழைக்கதவு:
ஷீட் கிழிந்ததா! ஓம் சண்டை போடுகிற இரண்டு பேரும் இதைப் படித்தீர்களா இல்லையா? மழை பெய்தால் கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவில் தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும், அப்படித்தான் கதவைச் செய்திருக்கிறார்கள். கீழ் விளிம்பில் இருக்கும் துளைகள் வழியாக அது வெளியே போகும். அந்தத் தண்ணீர் உங்கள் பக்கம் வராமல் தடுப்பது அந்த ஷீட் ஒன்றுதான். கிழிசலை அப்படியே விட்டால் கால் வைக்கும் இடத்தில் கார்பெட் நனையும், டோர் பேடின் பின்பக்க அட்டை ஊறும். பேஸ் குறைவதற்கும் அதில் பங்கு உண்டு. கோனின் பின்னாலிருந்து வரும் அலை ஓட்டை வழியாக முன்பக்கம் வந்து முன்னால் போகும் அலையை அடித்துவிடும். ஷீட்டை ஒட்டியிருந்த ப்யூட்டைல் பசையை ஹேர் ட்ரையரால் லேசாகச் சூடாக்கி, ஷீட்டைத் திரும்ப ஒட்டுங்கள், கிழிசலுக்கு மேல் தனித் துண்டு வையுங்கள்.

நாலுசக்கரம்:
இதற்கெல்லாம் இவ்வளவு பயம் வேண்டாம். நான் அந்த ஷீட்டைக் கழற்றியே எறிந்துவிடுவேன். கதவின் இரும்புத் தகட்டில், அதிர்வை அடக்கும் அலுமினியம் பூசிய டேம்பிங் ஷீட் நாலு துண்டு ஒட்டினால் கதவும் கனமாகும், சத்தமும் திடமாகும்.

மழைக்கதவு:
நாலு துண்டு ஒட்டினால் அதிர்வு குறையும், தண்ணீர் நிற்காது. இரும்பில் இருக்கும் ஓட்டைகளை முழுக்க மூடினால் மட்டும்தான் நீங்கள் சொல்வது சரி. அப்படி மூடினாலும் பிறகு கண்ணாடி மோட்டாரைக் கழற்ற வேண்டி வந்தால் அத்தனையையும் கிழிக்க வேண்டும். அதோடு சில வண்டிகளில் பக்கவாட்டு ஏர்பேக்குக்கான பிரஷர் சென்சார் கதவுக்குள்தான் இருக்கும், கதவு நசுங்கும்போது உள்ளே ஏறும் காற்றழுத்தத்தை வைத்து வேலை செய்யும். அந்த வண்டியில் ஷீட்டைப் பிடுங்கி எறி என்று சொல்வீர்களா? உயிர் விஷயம் இது.

நாலுசக்கரம்:
அவர் வண்டியில் அந்த சென்சார் இருக்கிறதா என்று கேட்டுவிட்டா எழுதுகிறீர்கள்?

செம்புக்கம்பி:
கேட்டுவிட்டுத்தான் ஓம் ஒன்றும் ஆகாது என்று எழுதினீர்களா? இதே நாலுசக்கரம்தான் போன வருடம் இன்னொருவருக்கு ஸ்பீக்கர் வளையத்தை மரநார் அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில் வெட்டச் சொன்னவர். பெயிண்ட்கூட அடிக்காமல் மாட்டச் சொன்னார். அந்த வளையம் கதவுக்குள் தண்ணீர் பட்டு ஊறி, ஓரம் ஏடு ஏடாகப் பிரிந்து, திருகு பிடிக்க இடமில்லாமல் ஸ்பீக்கர் ஆடிக்கொண்டிருந்ததை அவரே படம் எடுத்துப் போட்டார். அன்றைக்கும் மன்னிப்பு இல்லை, இன்றைக்கும் இல்லை. நான் எதையும் மறப்பவன் இல்லை.

நாலுசக்கரம்:
மர வளையத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பாதி என்று சொன்னீர்கள், பாதி இல்லை என்று காட்டினேன், உடனே போன வருடத்துக்கு ஓடுகிறீர்கள். அவர் பெயிண்ட் அடிக்காதது என் தவறா? மேக்னட் ஆழம் அதிகமாக இருந்ததால் கண்ணாடி இறங்கும்போது இடித்துக்கொண்டிருந்தது, வளையம் போட்டு ஸ்பீக்கரை வெளியே தள்ளியதால்தான் கண்ணாடி தப்பியது. அதைச் சொல்ல மாட்டீர்கள்.

சூட்டுக்கோல்:
ஒயரை முறுக்கி டேப் சுற்றியதாக எழுதியிருக்கிறார், அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. வெயிலில் கதவு சூடேறினால் டேப் பசை இளகி நழுவும், இரண்டு ஒயரும் தொட்டால் ஆம்ப் போய்விடும். சாலிடர் வையுங்கள்.

செம்புக்கம்பி:
கதவில் சாலிடர் கூடாது. ஈயம் ஒயர் இழைகளுக்குள் ஏறி விறைத்துப்போகும், அந்த விறைப்பு முடிகிற இடத்தில்தான் கதவு சாத்திச் சாத்தி ஒயர் ஒடியும். நல்ல கிரிம்ப் (உலோகக் குழலுக்குள் ஒயரை வைத்து நசுக்கும் இணைப்பு) போதும். கம்பெனி கனெக்டருக்குப் பொருந்தும் அடாப்டர் ஒயர் வாங்கினால் எதையும் வெட்டவே வேண்டாம்.

சூட்டுக்கோல்:
என் வண்டியில் சாலிடர் வைத்து ஒன்பது வருடம் ஆகிறது. ஒடியவில்லை.

செம்புக்கம்பி:
இங்கே எல்லோருக்கும் சொந்த வண்டிதான் அத்தாட்சி.

புதுச்சாவி:
ஒரு யோசனை. அந்தக் கம்பெனி ஆம்பையே விட்டுவிட்டு, வெளியில் கிடைக்கும் புது ஸ்டீரியோ போட்டால்? "50 வாட் x 4" என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது.

நாலுசக்கரம்:
போடுங்கள். கதவு ஒவ்வொன்றுக்கும் 50 வாட் கிடைக்கும், பாதி, முக்கால் என்ற பேச்சே இருக்காது.

செம்புக்கம்பி:
50 வாட் கிடைக்காது! இதைப் பொறுமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த எண்ணை நம்பி ஏமாறாதவரே இல்லை. என்ஜின் ஓடும்போது வண்டியில் இருப்பது 14.4 வோல்ட் என்று வையுங்கள். ஸ்டீரியோவுக்குள் இருக்கும் சின்ன ஆம்ப் சிப் அதை ஏற்றாது, இருப்பதை வைத்தே ஓட்டும். அலையின் உச்சம் 14.4 என்றால் அதன் ஆர்எம்எஸ், அதாவது வாட் கணக்குக்கு எடுக்கும் வோல்ட், 10.2 சொச்சம். 10.2ஐ 10.2ஆல் பெருக்கி 4 ஓமால் வகுத்தால் 26 வாட். அதுவும் சிப்புக்குள் ஒரு துளி இழப்பும் இல்லை என்று வைத்துக்கொண்டால். உண்மையில் சுத்தமாகக் கிடைப்பது 18இலிருந்து 22 வாட் வரைதான். அப்படியானால் 50 எங்கிருந்து வந்தது? அலையை முழுக்க வெட்டிச் சதுரமாக்கினால் 14.4ஐ 14.4ஆல் பெருக்கி 4ஆல் வகுக்கலாம், 51.8 வரும். அதாவது கரகரவென்று கிழிந்த சத்தத்துக்கான எண் அது. அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்க்காதீர்கள், உள்ளே தாளில் சிஇஏ 2006 என்ற அளவீட்டுத் தரத்தின் பெயர் (இப்போது சிடிஏ 2006) ஒரு வரியில் இருக்கிறதா பாருங்கள். 14.4 வோல்ட், 4 ஓம், 1 சதவீதத்துக்கு மேல் சிதைவு கூடாது என்ற கட்டுப்பாட்டில் அளந்த எண் அதில் இருக்கும். வாங்க வேண்டியது அந்த எண்ணைப் பார்த்துத்தான்.

இன்னொன்று. அந்த ஸ்டீரியோக்களில் பெரும்பாலானவை 4 ஓமுக்குக் குறையாத ஸ்பீக்கருக்கென்று செய்தவை. அதைப் போடுவதானால் 4 ஓம் ஸ்பீக்கர்தான் சரி, 2 ஓமை மாட்டினால் சிப் சூடேறி அணைந்துவிடும்.

நாலுசக்கரம்:
படித்தீர்களா எல்லோரும்? "4 ஓம் ஸ்பீக்கர்தான் சரி." அவர் கையாலேயே எழுதிவிட்டார். நான் நேற்று சொன்னதும் அதுதானே!

செம்புக்கம்பி:
ஸ்டீரியோவை மாற்றினால் என்று எழுதியிருக்கிறேன். "மாற்றினால்" என்ற சொல் உங்கள் கண்ணில் படவில்லையா? நேற்று நீங்கள் சொன்னது ஆம்ப் அப்படியே இருக்கும் வண்டிக்கு. அங்கே பாதி. அன்றும் பாதி, இன்றும் பாதி.

நாலுசக்கரம்:
3 டெசிபல்.

செம்புக்கம்பி:
பாதி வாட்.

நாலுசக்கரம்:
பார்த்தீர்களா, இப்போது மட்டும் வாட் என்று ஒட்டுப் போடுகிறார்.

செம்புக்கம்பி:
என் முதல் பதிவைத் திரும்பப் படியுங்கள். "வாட்டும் பாதி" என்றுதான் இருக்கிறது. சத்தம் என்ற சொல்லைக் கொண்டுவந்தது நீங்கள். நான் எழுதாததை என் தலையில் கட்டிவிட்டு, அதற்கு மறுப்பும் நீங்களே எழுதிக்கொள்கிறீர்கள்.

அளவுகோல்:
தம்பி, இவர்கள் முடிக்கப்போவதில்லை. பேலன்ஸை ஒரு பக்கம் தள்ளினால் பேஸ் வருகிறது, நடுவில் வைத்தால் போகிறது என்றீர்களே, அது ஓம் மாறியதால் வருகிற கோளாறு இல்லை. ஒரு பக்கத்தில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. ஒரு கோன் வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கிறது. ஸ்பீக்கர் ஒயர் இரண்டையும் ஆம்ப் பக்கத்திலிருந்து கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியைக் கண்நேரம் தொட்டுப் பாருங்கள். பிளஸ் என்று நினைக்கும் ஒயரில் பேட்டரியின் பிளஸ் பட்டால் கோன் வெளியே துள்ள வேண்டும். இரண்டு பக்கமும் பாருங்கள்.

புதுச்சாவி:
பார்த்துவிட்டேன் அண்ணே. இடது பக்கம் வெளியே துள்ளியது, வலது பக்கம் உள்ளே போனது. வலது பக்கம் ஒயரை மாற்றி, கிரிம்ப் அடித்து, ஷீட்டையும் ஒட்டிவிட்டேன். பேஸ் திரும்ப வந்துவிட்டது! ரொம்ப நன்றி.

நாலுசக்கரம்:
ஆக, குறை ஒயரில். ஓமில் ஒன்றும் இல்லை. இதைத்தான் முதல் நாளே சொன்னேன்.

செம்புக்கம்பி:
ஒயர் மாறியது என்று எந்த இடத்தில் சொன்னீர்கள்? எடுத்துக் காட்டுங்கள். புதுச்சாவி, ஒன்று மட்டும் சொல்லுங்கள்: பழைய ஸ்பீக்கர் இருந்தபோது வழக்கமாக வால்யூம் எந்த எண்ணில் வைப்பீர்கள், இப்போது அதே சத்தத்துக்கு எந்த எண்?

புதுச்சாவி:
முன்பு 14. இப்போது 18.

செம்புக்கம்பி:
14 எங்கே, 18 எங்கே! ஒன்றும் ஆகாதாம்.

நாலுசக்கரம்:
பாதி போயிருந்தால் 28 அல்லவா வைத்திருக்க வேண்டும்?

செம்புக்கம்பி:
வால்யூம் எண்ணை இரண்டால் பெருக்குகிறவரோடா இத்தனை நேரம் பேசிக்கொண்டிருந்தேன்! அந்தப் பழைய ஸ்பீக்கரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் தம்பி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மீட்டரோடு படம் எடுத்துப் போடுங்கள். 1.8 என்று எல்லோரும் பார்க்கட்டும்.