புதுப்பிப்பு: கிளவுட் ரெண்டரில் ரோஸ் நிறமாக வந்த டெக்ஸ்ச்சர் சரியாகிவிட்டது

என் கிராபிக்ஸ் கார்டின் மெமரி தாங்காததால் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் செய்த காட்சியை ரெண்டர் செய்ய, அதாவது படமாக்க, கிளவுடுக்கு (இணையம் வழியே கிடைக்கும் வேறு கணினிகளுக்கு) அனுப்பினேன், டெக்ஸ்ச்சரெல்லாம் (பொருட்களின் மேற்பரப்பில் ஒட்டும் படங்கள்) ரோஸ் நிறமாக வருகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது ‘பேக் ரிசோர்சஸ்’ யோசனைதான். ஃபைல் மெனுவில் எக்ஸ்டர்னல் டேட்டாவுக்குள் இருக்கிறது. கொடுத்ததும், தனி ஃபைல்களாக இருந்ததால் கிளவுடுக்குப் போகாத டெக்ஸ்ச்சர் படங்கள் பிளெண்ட் ஃபைலுக்குள்ளேயே (காட்சி சேமிக்கப்படும் ஃபைல்) வந்துவிட்டன. ரோஸ் நிறம் போயே போய்விட்டது.

எதிர்பாராதது, புகை மட்டும் ரெண்டரில் காணவில்லை. புகை சிமுலேஷனின் (புகை எப்படிப் பரவும் என்ற கணக்கீடு) கேஷ், அதாவது கணக்கிட்டுச் சேமித்த தரவு, பிளெண்ட் ஃபைலுக்குள் சேராது, டிஸ்க்கில் தனி ஃபோல்டராக இருக்கும். அதனால் சிமுலேஷனை என் கணினியிலேயே கடைசி ஃபிரேம் வரை ஓட்டி முடித்தேன். அப்புறம் கேஷ் பாதையை // (பிளெண்ட் ஃபைல் இருக்கும் ஃபோல்டர் என்று பொருள்) என்று தொடங்கும்படி மாற்றி, ஃபோல்டரையும் ஃபைலோடு ஜிப் செய்து அனுப்பினேன். புகை அழகாக வந்தது.

ரெண்டரை விட இஎக்ஸ்ஆர் (ஒரு பட ஃபைல் வகை) ஃபிரேம்களை டவுன்லோடு செய்யத்தான் அதிக நேரம் பிடித்தது.