சுருதிப் பெட்டி வைத்துப் பாடினால் அது ஏமாற்றா?

இசையில் இப்படி மின்கருவிகளின் துணையை நாடுவது ஏமாற்றா என்ற கேள்விக்கு மூவர் எழுதிய பதில்கள்:

பாட்டு கற்பவர், திருச்சி:

தம்புரா போலத் தானே சுருதி ஒலிக்கும் மின்னணுச் சுருதிப் பெட்டியை என் ஆசிரியை முதல் ஆண்டில் தொடவே விடவில்லை. தம்புராவின் நான்கு தந்திகளையும் நானே சுருதி சேர்க்க வேண்டும். தந்தியை முறுக்கும் பிரடையைத் திருகி, தந்தியில் கோத்த மணியை நகர்த்தி, தந்திகளைத் தாங்கும் குதிரை மேலுள்ள ஜீவாளி நூலை மயிரிழை தள்ளி வைத்து, ஒரு மணி நேர வகுப்பில் இருபது நிமிடம் அதற்கே போய்விடும். எரிச்சலாக இருக்கும். பெட்டியில் ஒரு குமிழைத் திருப்பினால் முடிகிற வேலை. 1979-இலேயே பெங்களூரில் ராஜ் நாராயண் என்ற பொறியாளர் அந்த மின்னணுப் பெட்டியைச் செய்துவிட்டாரே!

மூன்றாம் மாதம் ஒரு மாலை, பஞ்சமமும் சட்ஜமும் (‘ப’, ‘ச’ ஸ்வரங்கள்) மட்டுமே சேர்த்திருந்த தம்புராவிலிருந்து ‘க’ ஸ்வரமான காந்தாரம் கேட்டது. எந்தத் தந்தியையும் அதற்காகச் சேர்க்கவில்லை. கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும் மந்தர சட்ஜத் தந்தியின் கார்வைக்குள்ளேயே, அதன் நீண்ட அதிர்வுக்குள்ளேயே, அது பிறக்கிறது. சுயம்பு காந்தாரம் என்பார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆண்டு முடிந்ததும் ஆசிரியையே, "இனிப் பெட்டி வாங்கிக்கொள்ளம்மா" என்றார். இன்று தினமும் அதை வைத்துத்தான் பாடுகிறேன். ஏமாற்று என்று தோன்றியதே இல்லை. ஆனால் முதல் நாளே பெட்டி கிடைத்திருந்தால் அந்தக் காந்தாரத்துக்கு என் காது திறந்திருக்காது.

தேவாலயத்தில் கீபோர்டு வாசிப்பவர், நெல்லை:

நான் எல்லாப் பாடல்களையும் ஒரு கட்டை (C) சுருதியிலேயே வாசித்துப் பழகியவன். பாடகர் குழு அரைக் கட்டை ஏற்றச் சொன்னால், விரல்களின் இடம் மாறாமலே சுருதியை மாற்றித் தரும் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை ஒரு முறை அழுத்துவேன். ஒரு கிறிஸ்துமஸ் இரவு ஆராதனையில் மின்சாரம் போய்விட்டது. மூலையில் கிடந்த பழைய கால் ஆர்மோனியத்தைத் தூக்கி வந்தார்கள். பாடல் இரண்டரைக் கட்டையில். என் விரல்களுக்கு வழியே தெரியவில்லை. சபையார் நான் இல்லாமலேயே பாடி முடித்தார்கள். பிறகு ஆறு மாதம் பன்னிரண்டு சுருதிகளிலும் உட்கார்ந்து பழகினேன். புதிய பாடலைத் திடீரென்று கொடுத்தால் இப்போதும் பொத்தானை அழுத்துகிறேன், வெட்கமில்லை. கீபோர்டே தாளம் போடும் தாளப் பொத்தானை மட்டும் தொடுவதில்லை. பக்கத்தில் தபேலா வாசிக்கும் தம்பி இருக்கிறான்.

மெல்லிசைக் குழுவில் தபேலா, மதுரை:

மேலே எழுதிய தம்பிக்கு நன்றி. ஆக்டபேட் என்ற மின்னணுத் தாளக் கருவியில் தபேலா ஒலியைத் தட்டுகிறவரைக் குறை சொல்லவே மாட்டேன். அதற்கும் கை வேண்டும், லயம் வேண்டும். எனக்கு ஏமாற்றாகப் பட்டது வேறு. ஒரு திருமண வரவேற்பில் தாளம் முழுவதையும் முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருந்தார்கள். "அண்ணே, ஒலிவாங்கி உங்களுக்குக் கிடையாது, கையை மட்டும் அசையுங்கள், பார்க்க நன்றாக இருக்கும்" என்றார் நடத்துபவர். கேட்க வந்தவர்களிடம் பொய் சொல்ல என் கை வராது என்றேன். அன்று தபேலாவை உறையிலிருந்து எடுக்காமலேயே கடைசி பஸ்ஸில் ஊர் திரும்பினேன்.