சாவிக்கொத்தில் மாட்டும் சின்ன மல்டி டூல்: வாங்கினால் பயன்படுமா?

ஆறுசாவி:

சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ள ஒரு சின்ன மல்டி டூல் வாங்கலாமா என்று யோசனை. விக்டோரினாக்ஸ் கிளாசிக் எஸ்டி, லெதர்மேன் மைக்ரா, கெர்பர் டைம் என்று மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். எனக்கு வரும் வேலைகள் இவைதான்: பார்சல் டேப்பைக் கிழிப்பது, துணியில் தொங்கும் நூலையும் புதுச் சட்டையின் அட்டையையும் நறுக்குவது, ரிமோட், பொம்மை போன்றவற்றின் பேட்டரி மூடியைத் திறப்பது, மூக்குக்கண்ணாடித் திருகை இறுக்குவது, எப்போதாவது முள் எடுப்பது. முழு அளவுக் கருவிகள் வீட்டில் இருக்கின்றன. கொத்தில் ஏற்கெனவே ஆறு சாவிகள், அதில் ஒன்று பைக் சாவி.

இந்த அளவில் உள்ள கருவி உருப்படியாக வேலை செய்யுமா? குறடு உள்ளதை எடுப்பதா, கத்தரி உள்ளதை எடுப்பதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டறைமேசை:

உங்கள் பட்டியலிலேயே பாதி பதில் இருக்கிறது. ஐந்து வேலைகளில் ஒன்றுகூடக் குறடு கேட்கவில்லை. அதனால் குறடு உள்ள டைமை ஒதுக்கிவிடலாம். மிச்சம் கிளாசிக்கும் மைக்ராவும்.

முதலில் எடை. கிளாசிக் எஸ்டி 58 மி.மீ. நீளம், ஏறக்குறைய 21 கிராம். மைக்ரா மடித்த நிலையில் 6.5 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு, ஆனால் 51 கிராம். சாதாரண வீட்டுச் சாவி ஒன்று 10 கிராம் அளவில் இருக்கும். அதாவது கிளாசிக்கை மாட்டினால் இரண்டு சாவி கூடின கணக்கு, மைக்ராவை மாட்டினால் ஐந்து சாவி. ஏற்கெனவே ஆறு சாவி சுமக்கும் பையில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அந்த எடைக்கு மைக்ரா கொடுப்பது கத்தரி. அதன் இரண்டு கைப்பிடிகளும் விரிந்து கத்தரியின் பிடியாகவே மாறுகின்றன. உள்ளங்கையின் முழு விசையும் வெட்டும் இடத்துக்குப் போகும். கிளாசிக்கில் உடலைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு நெம்பை அழுத்துகிறீர்கள், அவ்வளவுதான் விசை. நூல், நகம், காகிதம், பிளாஸ்டர், சட்டை அட்டையின் பிளாஸ்டிக் இழை இவற்றுக்கு அது தாராளம். கெட்டிப் பிளாஸ்டிக் உறைகளை வெட்டப் போனால் அலகுகள் விலகி, பொருள் நடுவே மடிந்து மாட்டிக்கொள்ளும். அங்கே மைக்ராதான்.

டேப்புக்கு எந்தக் கத்தியும் போதும். கத்தி நுனியில் 5 மி.மீ. மட்டும் உள்ளே விட்டு, படுத்தாற்போல் சாய்த்து, உங்கள் பக்கம் இல்லாமல் பக்கவாட்டில் இழுங்கள். கிளாசிக்கின் கத்திக்குப் பூட்டு கிடையாது, முதுகு ஸ்பிரிங் மட்டுமே அதை நிறுத்தி வைக்கிறது. குத்தினாலோ நெம்பினாலோ விரல் மேல் மடங்கும். விரல் வெட்டுப்படுவது பெரும்பாலும் இப்படித்தான்.

பேட்டரி மூடியில்தான் சிக்கல். அங்கே வருவது சின்ன நட்சத்திரத் திருகு, பிஎச்0 அல்லது பிஎச்1 அளவு. கிளாசிக் எஸ்டியில் நட்சத்திரத் திருப்புளியே இல்லை. நக அரத்தின் நுனியில் 2.5 மி.மீ. தட்டைத் திருப்புளி இருக்கிறது, இறுக்கமில்லாத திருகை அதை வைத்துச் சமாளிக்கலாம். மைக்ராவில் இருப்பது தகட்டில் நட்சத்திர வடிவம் வெட்டியது. திருகின் நான்கு வெட்டுகளில் இரண்டை மட்டுமே பிடிக்கும். அழுத்தம் குறைந்தால் நழுவும், நழுவினால் தலை வழுக்கும், வழுக்கிய பிறகு நல்ல திருப்புளிக்கும் அது பிடி கொடுக்காது. நன்றாக அழுத்தி, கால் சுற்றில் அசையவில்லை என்றால் விட்டுவிடுங்கள். இன்னொன்று, பொம்மைகளில் திருகு ஆழமான குழிக்குள் இருக்கும். நுனி சரியான அளவாக இருந்தாலும் கருவியின் அகன்ற உடல் உள்ளே போகாது. இந்த வேலை அடிக்கடி வருமானால் விக்டோரினாக்ஸ் ராம்ப்ளரைப் பாருங்கள். அதே 58 மி.மீ. நீளம், சற்றே தடிமன், காந்தமுள்ள நட்சத்திரத் திருப்புளி உண்டு.

மூக்குக்கண்ணாடிக்கு இவற்றை நம்ப வேண்டாம். அந்தத் திருகின் தலை பெரும்பாலும் 2 மி.மீ.க்கும் குறைவு. 2.5 மி.மீ. நுனி தலையைத் தாண்டி சட்டகத்தைக் கீறும். கண்ணாடி உறைக்குள் அதற்கென்று உள்ள சின்னத் திருப்புளி ஒன்றைப் போட்டு வைப்பதுதான் சரி. இறுக்கிய திருகு மேல் நகப்பூச்சு ஒரு துளி வைத்தால் சீக்கிரம் தளராது.

முள் எடுக்கக் கிளாசிக்கின் முள்வாங்கி நல்லது, மயிரிழை போன்ற முள்ளைத் தவிர. அலுமினிய உடல் கொண்ட அலாக்ஸ் மாடலில் முள்வாங்கியும் பல்குத்தியும் கிடையாது. பார்க்க அழகாக இருக்கிறதே என்று அதை எடுத்துவிடாதீர்கள்.

குறடுபிடி:

பட்டறைமேசை சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இதைப் படிக்கும் எல்லோருக்கும் இதே பட்டியல் இருக்காது, அதனால் குறடு பற்றியும் கொஞ்சம்.

ஜிப்பின் உடைந்த கொக்கி, கேபிளில் மாட்டிய சின்ன முள்ளாணி, கையால் பிடிக்க முடியாத கம்பி நுனி, சூடான சிறு பாகம் இவற்றில் விரலுக்குப் பதிலாக நிற்பதுதான் சாவிக்கொத்துக் குறடு. நட்டு கழற்ற அல்ல. கைப்பிடி குட்டை, ஆகவே நெம்புவிசை குறைவு. இறுகிய நட்டில் வைத்துத் திருகினால் முதலில் அலகுகள் பக்கவாட்டில் வளையும், பிறகு அச்சாணி ஆடும், அதோடு நுனிகள் ஒன்றோடொன்று சேராது. சேராத நுனியால் முள்ளாணியைக்கூட இழுக்க முடியாது. வாங்கும்போது குறட்டை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நுனி முதலில் தொட வேண்டும். நடுப்பகுதி முதலில் தொட்டால் அதை எடுக்காதீர்கள்.

கம்பி வெட்டும் பகுதி மெல்லிய செம்புக் கம்பிக்கும் பிளாஸ்டிக் கட்டுப் பட்டைக்கும்தான். கிதார் கம்பி, சைக்கிள் பிரேக் கம்பி போன்ற கடின எஃகில் வைத்தால் வாயில் பள்ளம் விழும்.

டைமில் ஒரு நல்ல விஷயம், உறை கிழிக்கவே தனியாக ஒரு சின்னக் கொக்கி அலகு இருப்பது. கெட்டிப் பிளாஸ்டிக் உறை நிறையத் திறப்பவர்களுக்கு முழுக் கத்தியைவிட அது பாதுகாப்பு. குறடு உள்ள இன்னொரு சின்னக் கருவியான லெதர்மேன் ஸ்குவிர்ட் பிஎஸ்4 பற்றிப் பலர் கேட்பார்கள், அது இப்போது தயாரிப்பில் இல்லை. அதைத் தேடி அதிக விலை கொடுப்பது வீண்.

மெல்லியவளையம்:

எதை வாங்கினாலும் பைக் சாவியோடு சேர்த்துத் தொங்கவிடாதீர்கள். ஓட்டும்போது கொத்து ஆடி வண்டியின் பெயின்டைக் கீறும், பூட்டின் உள்பாகமும் தேயும். 2014-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களைத் திரும்ப அழைத்தபோது, பழுதான இக்னிஷன் சுவிட்ச் கொத்தின் கனத்தாலேயே ஓடும் நிலையிலிருந்து நழுவக்கூடும் என்பதால், சரிசெய்யும் வரை வளையத்தில் சாவி மட்டும் இருக்கட்டும் என்று உரிமையாளர்களிடம் சொன்னது. அங்கே குற்றம் சுவிட்சில்தான். ஆனாலும் ஆடும் கனம் பூட்டுக்கு நல்லதல்ல.

விமானத்தில் போகிறவர் என்றால் முன்கூட்டியே கொத்திலிருந்து கழற்றிப் பெட்டிக்குள் வையுங்கள். அமெரிக்காவில் கைப்பையில் கத்தி எந்த நீளத்திலும் கூடாது. கத்தி இல்லாத விக்டோரினாக்ஸ் ஜெட்செட்டர் போன்ற மாடல்கள் இதற்காகவே வருகின்றன.

ஆறுசாவி:

எல்லோருக்கும் நன்றி. பைக் சாவியைத் தனியே பிரித்துவிட்டு ராம்ப்ளர் எடுக்கலாம் என்று தோன்றுகிறது. மூன்று சந்தேகங்கள். மற்ற சாவிகளோடு எப்படி மாட்டுவது? பையில் தானாகத் திறந்துகொள்ளுமா? போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பட்டறைமேசை:

ராம்ப்ளர் சரியான தேர்வு.

மாட்டுவது: கருவியோடு வரும் சின்ன வளையத்தை நேராகப் பெரிய வளையத்தில் கோக்க வேண்டாம். கத்தரியைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் ஐந்து சாவிகள் உள்ளங்கையில் தொங்கி இடிக்கும். அந்த எரிச்சலிலேயே பலர் கருவியைக் கொத்திலிருந்து கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுகிறார்கள். நடுவில் அழுத்தினால் கழலும் சின்னக் கொக்கி ஒன்று போடுங்கள், கருவி மட்டும் தனியே கைக்கு வரும். வளையத்தின் இரண்டு சுற்றுகளும் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று அவ்வப்போது பாருங்கள். இடைவெளி தெரிந்தால் வளையத்தை மாற்றிவிடுங்கள். கருவி தொலைவது பெரும்பாலும் இந்த வளையம் விரிந்துதான்.

தானாகத் திறப்பது: புதிதில் நடக்காது. முதுகு ஸ்பிரிங் ஒவ்வோர் அலகையும் டக்கென்று உள்ளே இழுக்க வேண்டும். இழுக்காமல் பாதியில் நின்றால் அச்சாணியில் பஞ்சும் தூசும் சேர்ந்திருக்கிறது. பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் வைத்து, நீருக்குள்ளேயே எல்லா அலகுகளையும் பத்துப் பதினைந்து தடவை திறந்து மூடுங்கள். நன்றாகத் துடைத்துக் காயவிட்டு அச்சாணியில் ஒரே ஒரு துளி மெல்லிய எண்ணெய். அதிகம் விட்டால் தூசு இன்னும் ஒட்டும். பழம் வெட்டப் பயன்படுத்துவீர்கள் என்றால் உணவுக்கு ஏற்ற மினரல் எண்ணெய் விடுங்கள். டேப் பசை ஒட்டினால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போய்விடும்.

போலி: கத்தியின் அடிப்பகுதியில் நிறுவனப் பெயரும் சுவிஸ் தயாரிப்பு என்ற முத்திரையும் கூர்மையாக, சீராக இருக்க வேண்டும். முத்திரையையும் நகலெடுக்கலாம், அதனால் கத்தரியைச் சோதியுங்கள். ஒற்றை அடுக்கு டிஷ்யூ காகிதத்தை வைத்து, அலகின் அடியிலிருந்து நுனிவரை ஒரே வெட்டில் வெட்டிப் பாருங்கள். நல்ல கத்தரி நுனியிலும் சுத்தமாக வெட்டும், மோசமானது நுனியில் காகிதத்தை மடிக்கும்.

பின்னாளில் கத்தி மழுங்கினால் பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி கோணத்தில் நுண்ணிய கல்லில் சில இழுப்புகள் போதும். கத்தரியில் மட்டும் கவனம்: வெளிப்புறச் சரிவைத்தான் தீட்ட வேண்டும். இரண்டு அலகுகளும் உரசும் உட்புறத் தட்டை முகத்தைத் தேய்த்தால் நடுவே இடைவெளி விழுந்து, அப்புறம் நூல்கூட வெட்டாது. முள்வாங்கி, பல்குத்தி, கத்தரியின் சின்ன ஸ்பிரிங் மூன்றுக்கும் மாற்று உதிரிகள் கிடைக்கும். கேட்கும்போது 58 மி.மீ. அளவு என்று சொல்லி வாங்குங்கள், 91 மி.மீ. கத்தியின் முள்வாங்கி இதில் பொருந்தாது.