பழைய பதிவுகளை சொந்த வலைத்தளத்துக்கு மாத்தணும், தமிழ் எழுத்து உடைஞ்சு வருது – வழி சொல்லுங்க

பாலாற்றங்கரை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். குடியாத்தம் பக்கத்துக்காரன். நம்ம வட ஆர்க்காட்டுப் பகுதி நடுகல், கோயில், சமணர் குகைன்னு சுத்தி, படம் எடுத்து, குறிப்பு எழுதி ஒரு சமூக வலைத்தளப் பக்கத்துல பல வருஷமா போட்டுட்டு வரேன். வள்ளிமலை கங்கர் கல்வெட்டு, மேல்பாடியில ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எடுத்த பள்ளிப்படை (சமாதிக் கோயில்), ஆற்காடு டெல்லி கேட்னு நல்ல சரக்கு நிறைய இருக்கு.

ஆனா எதையும் தேடி எடுக்க முடியல. மேல்பாடி பதிவை ஒருத்தர் கேட்டார், எழுதின எனக்கே கிடைக்கல. நடுவுல காரணமே சொல்லாம பக்கத்தை வேற முடக்கி, அப்புறம் திறந்துவிட்டாங்க. இனி சொந்த தளம்தான்னு முடிவு பண்ணிட்டேன்.

தரவை எல்லாம் டவுன்லோடு பண்ணேன், ஜேசான்ங்கிற தரவுக் கோப்பா வந்தது. ப்ரவுசர்ல திறந்தா தமிழே இல்ல. தலையில சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில ஏ, பக்கத்துல வட்டத்துக்குள்ள ஆர், திரும்ப ஏ, திரும்ப ஆர்... பக்கம் பக்கமா இதேதான். எழுதினது எல்லாம் போச்சா? இன்னொண்ணு, தளத்தை எங்க வைக்கிறது? ப்ரோக்ராமிங் அரைகுறைதான், செலவும் கையைக் கடிக்கக் கூடாது.

காட்பாடி ஜங்ஷன்

ஒண்ணும் போகல ப்ரோ, பயப்படாதீங்க. தமிழ் யூனிகோடு குறி (எழுத்து, புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனி குறி) ஒவ்வொண்ணும் யூடிஎஃப்-8-ங்கிற சேமிப்பு முறையில 3 பைட். அந்த 3 பைட்டையும் 3 தனித்தனி லத்தீன் எழுத்துன்னு எடுத்துக்கிட்டு எழுதி வச்சிருக்கு. தமிழ்ப் பைட் எல்லாமே ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும், அதான் அந்த ஏ-வும் ஆர்-உம் ஓயாம வருது. கவனிச்சுப் பாருங்க, புள்ளி வர்ற இடத்துல ஆர்-க்குப் பதிலா மேல ஒரு கோடு இருக்கும். அது இருந்தா கேஸ் இதேதான்.

பைத்தான்ல முதல்ல ஜேசான் மாட்யூலை வச்சு கோப்பை லோட் பண்ணிடுங்க. அப்புறம் ஒவ்வொரு உரையையும் லத்தீன்-1-ல (ஒரு எழுத்துக்கு ஒரு பைட் முறை) என்கோட் பண்ணி, உடனே யூடிஎஃப்-8-ல டிகோட் பண்ணுங்க. ஒரே வரி வேலை. வரிசை முக்கியம். லோட் பண்ணாம கோப்பை அப்படியே எடுத்து மாத்தினா எதுவும் நடக்காது, உள்ள இருக்கிறது வெறும் எஸ்கேப் குறிகள் (எழுத்துக்குப் பதிலா எண் குறியீடு). நோட்பேடுல ஒவ்வொண்ணா ரீப்ளேஸ் பண்றேன்னு மட்டும் இறங்கிடாதீங்க, திரும்பி வர வழியே இருக்காது.

பைத்தான் வேணாம்னா, டவுன்லோடு கேட்கும்போது ஜேசானுக்குப் பதிலா எச்டிஎம்எல் வடிவத்தைத் தேர்ந்தெடுத்துப் பாருங்க.

படத்தை மட்டும் அங்கிருந்து எடுக்காதீங்க. ஏத்தும்போதே சுருக்கியிருப்பாங்க, எங்க எடுத்ததுங்கிற ஜிபிஎஸ் விவரமும் போயிருக்கும். கேமரா அசல் இருந்தா அதுதான்.

வாலாஜா டவுன்

தம்பி, நான் தமிழ்மணம் வலைப்பதிவுத் திரட்டி வந்த 2004 காலத்துப் பதிவர். அதுக்கப்புறம் மூடின சேவைகளை எல்லாம் பார்த்தாச்சு: ஜியோசிட்டீஸ் 2009, கூகுள் ரீடர் 2013, ஆர்குட் 2014, கூகுள் பிளஸ் 2019. இதுல ஜியோசிட்டீஸும் "சொந்தப் பக்கம்"னுதான் சொன்னான். அதனால எங்க வைக்கிறதுன்னு மண்டையை உடைச்சுக்காதீங்க. முதல்ல சொந்தமா ஒரு டொமைன் பேர் வாங்குங்க. நம்பரை மாத்தாம சிம் கம்பெனியை மாத்துறோம் இல்ல, அதே கதைதான். இடம் எத்தனை தடவை மாறினாலும் வாசகனுக்கு முகவரி ஒண்ணுதான்.

வாங்கும்போது முதல் வருஷ சலுகை விலையைப் பார்த்து ஏமாறாதீங்க, புதுப்பிக்கிற விலை என்னன்னு பாருங்க. என்னைக் கேட்டா கூகுளோட பிளாகரே போதும். சொந்த டொமைனை இலவசமா இணைக்கலாம், மொத்தத்தையும் எக்ஸ்எம்எல்லா வெளிய எடுக்கலாம்.

காட்பாடி ஜங்ஷன்

பிளாகர் தப்பில்ல சார். ஆனா அதுவும் வேற ஒருத்தர் பூட்டி சாவி வச்சிருக்கிற இடம்தானே, இவர் ஓடி வர்றதே அதுல இருந்துதான். என் ஓட்டு ஹ்யூகோ மாதிரி ஒரு கருவிக்கு. பதிவு ஒவ்வொண்ணும் சாதாரண உரைக் கோப்பா நம்ம கம்ப்யூட்டர்லயே இருக்கும். அதுல இருந்து எச்டிஎம்எல் பக்கங்களை அது செஞ்சு குடுக்கும். அதை கிட்ஹப் பேஜஸ்ங்கிற தள சேவையில ஏத்துங்க. இலவசம், சொந்த டொமைனும் போடலாம். நியோசிட்டீஸ்னு இன்னொரு சேவையும் நல்லாத்தான் இருக்கு, ஆனா சொந்த டொமைன் வேணும்னா அங்க காசு கட்டணும்.

கிட்ஹப்ல தளம் 1 ஜிபிக்குள்ள இருக்கணும். படங்களை 1600 பிக்சல் அகலத்துக்குக் குறைச்சுப் போடுங்க, தாராளமா தாங்கும்.

முள்ளுக்கத்திரி

எல்லாம் சரிணா, ஆனா இன்னா பிரயோஜனம்? யாரு வந்து படிப்பா? நம்ம சனம் மொத்தமும் வாட்ஸப்லதான் இருக்குது. தளம் போட்டு, நாமளே தினம் போய் பார்த்துகினு இருக்கணும். எங்க இலவம்பாடி கத்திரிக்காய்க்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சப்போ கூட வாட்ஸப் குரூப்ல வந்துதான் பாதிப் பேருக்குத் தெரிஞ்சுது.

வாலாஜா டவுன்

நியாயமான கேள்வி. அதுக்காக அங்கிருந்து மொத்தமா கிளம்பணும்னு யாரும் சொல்லலியே. முதல்ல சொந்த தளத்துல போடு, அப்புறம் அதோட நகலை மத்த இடத்துல எல்லாம் போட்டு, கீழ சுட்டி குடு. பக்கத்தை முடக்கினா நகல்தான் போகும். லைக் குறையும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா மேல்பாடி பத்தி இனி யாராவது கூகுள்ல தேடினா, நாலு வருஷம் கழிச்சும் வந்து சேருவாங்க. இவர் எழுதுறது அன்னைக்கே படிச்சு அன்னைக்கே மறக்கிற விஷயமா?

தம்பி, புதுப் பதிவை வாசகரோட செயலிக்குக் கொண்டுபோற ஆர்எஸ்எஸ் ஓடையை மறந்துடாதீங்க. ஹ்யூகோ தானாவே உண்டாக்கும். ஓடைவழி படிக்கிற ஆளு கொஞ்சம்தான், ஆனா அவங்க கிட்ட ஒரு பதிவும் தப்பாது.

காட்பாடி ஜங்ஷன்

வாட்ஸப்ல சுட்டி போட்டா படமும் தலைப்பும் வரணும்னா, ஒவ்வொரு பக்கத்தோட தலைப்பகுதியிலயும் ஓப்பன் கிராஃப் டேக் (முன்னோட்டத்துக்கான குறிப்பு வரி) இருக்கணும். அது இல்லாத சுட்டியை ஸ்பாம்னு நினைச்சு தாண்டிடுவாங்க.

பாலாற்றங்கரை

அண்ணா, தமிழ் முழுசா வந்துடுச்சு! மேல்கோடு விஷயம் அப்படியே இருந்தது. டொமைன் வாங்கி, ஹ்யூகோ போட்டு, கிட்ஹப்ல ஏத்திட்டேன். இப்போ ரெண்டு சிக்கல். டொமைன்ல போனா ஒரு தடவை என் தளம் வருது, இன்னொரு தடவை டொமைன் வித்தவனோட விளம்பரப் பக்கம் வருது, கூடவே "பாதுகாப்பற்றது"ன்னு எச்சரிக்கை. ரெண்டாவது, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு மாவட்டவாரியா ஃபோல்டர் பிரிக்கலாம்னு இருக்கேன், முகவரியையும் தமிழ்லயே வைக்க ஆசை. சரியா வருமா?

காட்பாடி ஜங்ஷன்

முதல் சிக்கலுக்கு: டிஎன்எஸ் பக்கத்துல (டொமைன் எந்த சர்வருக்குப் போகணும்னு சொல்ற இடம்) வித்தவனோட பழைய பார்க்கிங் ஏ ரெக்கார்டு இன்னும் உட்கார்ந்திருக்கும், அதைத் தூக்கிடுங்க. கிட்ஹப்போட ஏ ரெக்கார்டு 4 மட்டும் இருக்கட்டும்: 185.199.108.153, அப்புறம் மூணாவது எண் மட்டும் 109, 110, 111-ன்னு மாறும். பழசு இருக்கிற வரைக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் வர்றது கஷ்டம். எடுத்துட்டு ஒரு நாள் வரைக்கும் பொறுங்க. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் தானா வந்துடும், அப்புறம் செட்டிங்ஸ்ல எச்டிடிபிஎஸ் கட்டாயம்ங்கிற பெட்டியை டிக் பண்ணிடுங்க.

தமிழ் முகவரி வேலை செய்யும், ஆனா காப்பி பண்ணி ஒட்டினா பல இடத்துல சதவீதக் குறியா மாறிடும். யூனிகோடு குறி ஒவ்வொண்ணுக்கும் 9 எழுத்து. "வள்ளிமலை"ங்கிற ஒரு சொல்லே 72 எழுத்து ஆயிடும். எஸ்எம்எஸ்ல அனுப்பிப் பாருங்க, நொந்து போயிடுவீங்க. தலைப்பு தமிழ்ல இருக்கட்டும், முகவரியை மட்டும் ஆங்கில எழுத்துல வச்சுடுங்க.

வாலாஜா டவுன்

முகவரியில மாவட்டப் பேர் வேண்டவே வேண்டாம். 1911-ல சித்தூர் பிரிஞ்சு போச்சு. 1989-ல வட ஆர்க்காடு ரெண்டாச்சு, திருவண்ணாமலை அந்தப் பக்கம் போச்சு. 2019-ல வேலூர் மூணாச்சு. எங்க ஊருக்கே ஒரே ஆயுசுல மூணாவது மாவட்டம் நடக்குது! அடுத்து பிரிச்சா உங்க சுட்டி எல்லாம் தப்பாயிடும், மாத்தினா ஏற்கனவே சுட்டி குடுத்தவங்களுக்கு எல்லாம் 404, அதாவது பக்கம் இல்லைங்கிற பிழைதான். ஊர் பேரை மட்டும் வைங்க. மாவட்டத்தைக் குறிச்சொல்லா போடுங்க, பழைய நூல்ல வர்ற "வட ஆர்க்காடு"ங்கிறதையும் சேர்த்து. அந்தப் பேர்லதான் ஆராய்ச்சி பண்றவங்க இன்னும் தேடுவாங்க.

முள்ளுக்கத்திரி

இதை எல்லாம் படிச்சு எனக்கே ஆசை வந்துடுச்சுணா. எங்க சைடு தெருக்கூத்து வீடியோ கொஞ்சம் கைல கீது. அதையும் கிட்ஹப்லயே போட்டுடலாமா?

காட்பாடி ஜங்ஷன்

வீடியோவுக்கு 1 ஜிபி பத்தாது. வீடியோ தளத்துலயே ஏத்தி, உங்க பக்கத்துல பதிச்சுக்குங்க. எந்த ஊர் ஜமா (கூத்துக் குழு), எந்த நாள் கூத்து, யார் என்ன வேஷம்ங்கிற குறிப்பை மட்டும் உங்க தளத்துல எழுதுங்க. அசல் கோப்பு ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல இருக்கட்டும்.

பாலாற்றங்கரை

பழைய ரெக்கார்டை எடுத்தேன், எச்சரிக்கை போயிடுச்சு. ஃபோல்டரும் ஊர் பேர்லதான். மேல்பாடி முதல் பதிவா ஏறிடுச்சு. கடைசியா ஒண்ணு, கருத்துப்பெட்டி வைக்கலாமா?

வாலாஜா டவுன்

வேண்டாம். ஸ்பாம் அள்ளவே நேரம் போயிடும். ஒரு மின்னஞ்சல் முகவரி போதும், தகவல் திருத்தம் சொல்றவங்க எழுதுவாங்க. டொமைன் கணக்குக்கு அதே டொமைன்ல இருக்கிற மின்னஞ்சலைக் குடுத்துடாதீங்க. டொமைன் காலாவதி ஆனா அந்த மெயிலும் சேர்ந்து நின்னுடும், எச்சரிக்கை யாருக்கு வரும்? தானா புதுப்பிக்கிறதை ஆன் பண்ணி, கார்டு காலாவதி தேதியையும் ஒரு தடவை பார்த்துக்குங்க.

பாலாற்றங்கரை

ஆன் பண்ணிட்டேன் சார், மெயிலும் வேறதான். முள்ளுக்கத்திரி, உங்க தளம் ரெடியானா சுட்டி அனுப்புங்க, என் பக்கத்துல சேர்த்துடறேன்.