சொதிப் பந்தியில் ஒரு கேள்வி: கோபத்தைக் கையாண்டவர்களை நேரில் பார்த்த அனுபவங்கள்

டவுன்காரி
மறுவீட்டுப் பந்தி. மாப்பிள்ளையின் பெரியப்பா இலையில் கைவைத்ததும், "இது சொதியா, பருப்புத் தண்ணீரா?" என்று மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி கேட்டார். பெண்ணின் அம்மா, எனக்கு மதினி முறை, கரண்டியோடு அங்கேயே நின்றார். தேங்காய்ப்பால் கரண்டி நுனியிலிருந்து அவர் புடவையில் சொட்டிக்கொண்டிருந்தது, அவர் கவனிக்கவில்லை. "அண்ணாச்சி, காலையில் மாத்திரை போட்டீர்களா? முகம் வாடியிருக்கிறதே" என்றார். பெரியப்பா ஒன்றும் பேசாமல் இஞ்சிப் பச்சடியைத் தொட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். எனக்கு இன்னும் உறுத்துவது இதுதான்: மதினி கோபத்தை விழுங்கினாரா, அல்லது அவருக்குக் கோபமே வரவில்லையா?

பாளை செவிலி
விழுங்கியிருப்பார். வேறு வழி? அதே வார்த்தையைப் பெண்வீட்டார் சொல்லியிருந்தால் யாராவது மாத்திரையைப் பற்றி விசாரித்திருப்பார்களா? இதை உணர்வுநுண்ணறிவு, அதாவது தன் உணர்ச்சியையும் பிறர் உணர்ச்சியையும் புரிந்து கையாளும் திறமை என்று பாராட்டிப் பாராட்டித்தான் நம் வீட்டுப் பெண்களுக்கு ரத்தக்கொதிப்பு வருகிறது.

நான் பார்த்தது வேறு. இரவுப் பணி. நோயாளியின் மகன் வார்டு வாசலை மறித்துக்கொண்டு, டாக்டர் ஏன் வரவில்லை என்று கத்துகிறார். எங்கள் மூத்த அக்கா மன்னிப்பும் கேட்கவில்லை, பதிலுக்குக் கத்தவும் இல்லை. "தம்பி, அப்பா விழித்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்" என்று மட்டும் சொன்னார். மகன் திரும்பிப் பார்த்தார். கிழவர் போர்வை ஓரத்தை விரலால் சுருட்டிக்கொண்டே இருந்தார். அதன் பிறகு சத்தமே இல்லை. அக்கா தன்னையும் விட்டுக்கொடுக்கவில்லை, அவரையும் அவமானப்படுத்தவில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் என் கணக்கில் அது திறமை.

வண்ணார்பேட்டைவாசி
2023 டிசம்பர் நெல்லை வெள்ளம். ஆறு எங்கள் தெருவுக்குள் வந்ததை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தண்ணீர் வடிந்ததும் இளைஞர்கள் சிலர் வேனில் பால் பாக்கெட் கொண்டுவந்தார்கள், வீட்டுக்கு ஒன்று. ஒருவர் நான்கு வேண்டும் என்று சண்டைக்கு நின்றார். வரிசையில் இருந்த எல்லோரும் அவர்மேல் பாய்ந்தோம். பால் கொடுத்த பையன் மட்டும், "அண்ணாச்சி, வீட்டில் எல்லோரும் பத்திரமாக இருக்கிறார்களா?" என்றான். அந்த மனிதர் சட்டைக்குள் கைவிட்டு ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். உள்ளே மகளின் பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ், நனைந்து கூழாகப் பையோடு ஒட்டியிருந்தது. பாலைப் பற்றி அவர் அப்புறம் பேசவே இல்லை.

எங்கள் கம்பெனிக்கு வந்த பயிற்சியாளர், வாழ்க்கை வெற்றியில் 80 சதவீதம் உணர்வுநுண்ணறிவுதான் என்றார். அந்தப் பையனைப் பார்த்த பிறகு நம்பலாம் போலிருக்கிறது.

ஓய்வுபெற்ற வாத்தியார், அம்பை
80 சதவீதக் கணக்கு தவறு, தம்பி. 1990-இல் பீட்டர் சாலவே, ஜான் மேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள் இந்தக் கருத்தை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். 1995-இல் டேனியல் கோல்மன் எழுதிய புத்தகம்தான் அதை ஊரெல்லாம் பரப்பியது. வாழ்க்கை வெற்றிக்கு அறிவுத்திறன் (IQ) அதிகபட்சம் 20 சதவீதம் பங்களிக்கும் என்றுதான் அவர் எழுதினார். மீதி 80-இல் பிறந்த குடும்பம், வசதி, அதிர்ஷ்டம் எல்லாம் அடக்கம். அத்தனையையும் உணர்வுநுண்ணறிவின் கணக்கில் ஏற்றிவிட்டார்கள்.

என் அனுபவம் சிறியது. அரையாண்டு விடைத்தாளைக் கையில் வாங்கிய மாணவன் ஒருவன் சிரித்தான். "பயமா?" என்றேன். தலையாட்டினான்.

இனி, இங்கே எழுதும் எல்லோருக்கும். கோபம் வந்தால் அதற்குச் சரியான பெயர் வையுங்கள். பெரும்பாலும் அது கோபமாக இருக்காது. அவமானம், களைப்பு, பொறாமை, ஏதாவது ஒன்று. 2007-இல் மாத்யூ லீபர்மன் குழுவினர் மூளையைப் படம் பிடித்து ஒரு சோதனை செய்தார்கள். படத்தில் உள்ள முகம் காட்டும் உணர்ச்சிக்கு உரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, அபாயமணி போன்ற அமிக்டலாப் பகுதியின் வேகம் குறைந்தது. அதே முகத்துக்குப் பொருந்தும் ஆள் பெயரைத் தேர்ந்தெடுத்தபோது அப்படிக் குறையவில்லை. ஆகவே இரவில் ஒரு நோட்டில் அன்றைய உணர்ச்சியை ஒரே சொல்லில் எழுதுங்கள். 'மனசு சரியில்லை' என்று எழுதாதீர்கள், அதில் ஒன்றும் இல்லை. பிள்ளைகளையும் எழுதச் சொல்லுங்கள். சாப்பிடும்போது மொபைலைத் தூர வையுங்கள். நடைப்பயிற்சியும் செய்யுங்கள்.

பாளை செவிலி
ஐயா, நடைப்பயிற்சியை யாரும் கேட்கவில்லை. பெயர் வைப்பது சரி. மதினியும் தன் உணர்ச்சிக்கு மனதுக்குள் பெயர் வைத்திருப்பார், அதை அண்ணாச்சியிடம் சொல்ல முடியுமா என்பதுதான் கேள்வி.

சேரன்மகாதேவி பக்கம்
வாதம் போகட்டும், இதைக் கேளுங்கள். எங்கள் ஊரில் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை. சர்வேயர் சங்கிலியை இழுத்துக்கொண்டிருக்கும்போதே வரப்பில் நின்று தம்பி வாய்க்கு வந்தபடி ஏசினார், செத்துப்போன அம்மாவையும் சேர்த்து. அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். "முடித்துவிட்டாயா? கிணற்றடித் துண்டு உனக்கே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார். அதன் பிறகு தம்பி அந்தத் துண்டில் விதைக்கவே இல்லை. ஊரில் பாதிப்பேர் அண்ணனைப் பெரிய மனிதர் என்கிறார்கள், மீதிப்பேர் அவரைப்போல அழுத்தக்காரர் கிடையாது என்கிறார்கள். நான் சர்வேயருக்குக் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன், எனக்கே பிடிபடவில்லை. வாத்தியார் ஐயா, அண்ணனின் உணர்ச்சிக்கு உங்கள் நோட்டில் என்ன பெயர் எழுதுவீர்கள்?