புதுப்பிப்பு: படகு இழுக்க எந்த பிக்கப்? வாங்கிவிட்டேன்

மெல்போர்னில் 5.5 மீட்டர் அலுமினியப் படகை இழுக்க எந்த நடுத்தர பிக்கப் வாங்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. இசுசு டி-மேக்ஸ், 3 லிட்டர் டீசல், நான்கு சக்கர இயக்கம் வாங்கினேன்.

“முதலில் படகை எடை மேடையில் நிறுத்துங்கள்” என்ற யோசனைதான் கைகொடுத்தது. படகை விற்றவர் டிரெய்லரோடு 1,300 கிலோ என்றார். பெட்ரோல், நங்கூரம், ஐஸ் பெட்டி எல்லாம் ஏற்றி நிறுத்தினால் 1,710! அப்போதும் 3,500 கிலோ இழுக்கும் வண்டிக்கு அது பெரிதல்ல. ஆனால் டிரெய்லர் கொக்கியில் அழுத்தும் எடை வண்டி சுமக்கும் பாரத்தில் சேர்கிறது. குடும்பத்தில் ஐந்து பேர் நாங்கள்; எங்கள் எடையும் அதில்தான் சேரும். அந்தக் கணக்குதான் முடிவைத் தந்தது.

எதிர்பாராதது ஒன்று: 90 கிலோமீட்டர் வேகத்தில் டிரெய்லர் வால் ஆட்டியது. பயந்துபோனோம். வண்டியில் குறையில்லை, கொக்கியில் விழுந்த எடை வெறும் 70 கிலோ. மொத்தத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு வேண்டும். வின்ச் கம்பத்தை (படகின் மூக்கைப் பிடித்து நிறுத்தும் டிரெய்லரின் முன்கம்பம்) முன்னே தள்ளி, படகையும் நகர்த்தியதும் 170 ஆனது, ஆட்டமும் நின்றது.

கடல் நீர் வற்றிய நேரத்தில், படகு இறக்கும் பாசி படிந்த சரிவில் பின்சக்கரங்கள் வழுக்கின. நான்கு சக்கரத் தாழ்கியரில் அமைதியாக ஏறியது. இரு சக்கர இயக்கமே போதும் என்று நினைப்பவர்கள், நீங்கள் படகு இறக்கும் சரிவை நீர் வற்றிய வேளையில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.