டமி, ஐட்டிஸ், ஓமா: மருத்துவச் சொற்களை வாலைப் பிடித்துப் படிப்பது எப்படி?

கேள்வி: புதுவெள்ளை

வணக்கம். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி, இப்போது பி.எஸ்சி. நர்சிங் முதல் வருடம். கேஸ் ஷீட்டில் லாப்பராட்டமி, கொலாஸ்டமி, அப்பெண்டெக்டமி என்று வருகிறது. எல்லாமே ‘டமி’யில்தான் முடிகிறது, ஆனால் மூன்றும் வேறு வேறு ஆபரேஷன் என்கிறார்கள். ‘ஓமா’ என்று முடிந்தால் கேன்சர் என்று சீனியர் அக்கா சொன்னார். அப்படியென்றால் கிளாக்கோமா? ஒவ்வொரு சொல்லாக உருப்போடுவதை விட்டால் வேறு வழி இருக்கிறதா?

பதில்: தியேட்டர்விளக்கு

இருக்கிறது. சொல்லைக் கடைசியிலிருந்து படியுங்கள். வால் என்ன நடக்கிறது என்று சொல்லும், தலை எந்த உறுப்பு என்று சொல்லும்.

டமி விஷயத்தில் அதற்கு முன்னால் ஒட்டியிருக்கும் ஒலியைக் கவனிக்க வேண்டும். கிரேக்கத்தில் ‘டோமே’ என்றால் வெட்டு. வெறும் ‘ஆட்டமி’ என்றால் வெட்டித் திறப்பதோடு சரி: லாப்பராட்டமி வயிற்றைத் திறப்பது, கிரேனியாட்டமி மண்டையோட்டைத் திறப்பது. ‘எக்’ என்றால் வெளியே. அது சேர்ந்து ‘எக்டமி’ ஆனால் வெட்டி எடுப்பது: அப்பெண்டெக்டமியில் குடல்வால், கோலிசிஸ்டெக்டமியில் பித்தப்பை, ஹிஸ்டரெக்டமியில் கர்ப்பப்பை. ‘ஆஸ்டமி’ மட்டும் வேறு வம்சம். அதன் வேர் ‘ஸ்டோமா’, அதாவது வாய். உறுப்புக்குப் புதிதாக ஒரு வாய் வைப்பது. கொலாஸ்டமியில் பெருங்குடலை வயிற்றுத் தோல் வரை கொண்டுவந்து திறந்துவிடுவார்கள், மலம் வெளியே ஒட்டிய பையில் சேரும்.

சிறுநீரகத்தை எடுத்துக்கொண்டால் இந்த மூன்றும் ஒரே உறுப்பில் வரும். நெஃப்ராட்டமி: சிறுநீரகத்தைக் கீறித் திறப்பது. நெஃப்ராஸ்டமி: சிறுநீர் வெளியேறத் தோல் வழியாகக் குழாய் வைப்பது. நெஃப்ரெக்டமி: சிறுநீரகத்தையே எடுத்துவிடுவது. போனில் காதுக்கு மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் வாய்மொழி ஆர்டர் வந்தால் எழுத்துக்கூட்டித் திரும்பப் படித்துக் காட்டாமல் போனை வைக்காதீர்கள். சம்மதப் படிவத்தில் சுருக்கெழுத்தும் கூடாது. முழுப்பெயர், எந்தப் பக்கம் என்பதோடு இருக்க வேண்டும்.

எக்டமி என்றாலே முழு உறுப்பும் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். வாசெக்டமியில் இரண்டு விந்துக்குழாய்களிலும் வழியை அடைப்பதுதான் நோக்கம், எடுத்தாலும் சிறு துண்டுதான் எடுப்பார்கள். நம் ஊரில் பெண்களுக்கான கு.க. ஆபரேஷனை டியூபெக்டமி என்றே எழுதுவோம், வெளிநாட்டுப் பாடநூலில் அது டியூபல் லைகேஷன். மூச்சுக்குழாயில் செய்யும் ட்ரக்கியாட்டமி, ட்ரக்கியாஸ்டமி இரண்டையும் பல இடங்களில் மாற்றி மாற்றித்தான் எழுதுகிறார்கள். அங்கே இலக்கணம் பார்க்க வேண்டாம்.

(அனாட்டமியும் இதே டோமேதான். அறுத்துப் பார்ப்பது என்பதே அதன் மூலப்பொருள்.)

பதில்: லேப்மேஜை

ஓமா என்றால் கட்டி அல்லது வீக்கம். கெட்ட கட்டியா என்பதை அந்த வால் சொல்லாது. லைப்போமா சாதாரணக் கொழுப்புக்கட்டி, ஹீமட்டோமா ரத்தக்கட்டு. கார்சினோமா, சார்கோமா, லிம்போமா, மெலனோமா இவை நான்கும் புற்று. கிளாக்கோமாவில் கட்டியே கிடையாது. பார்வை நரம்பு கெடும் நோய் அது, பெரும்பாலும் கண்ணின் உள்ளழுத்தம் கூடுவதால். நீலமும் பச்சையும் கலந்த நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பழைய பெயர், அவ்வளவுதான். கோமா என்ற சொல்லும் இந்தக் குடும்பம் இல்லை, அதன் மூலம் ஆழ்ந்த தூக்கம்.

ஐட்டிஸ் என்றால் அழற்சி. உடனே கிருமி என்று முடிவுகட்டிவிடுவார்கள், அது தப்பு. குடியால் வரும் ஹெபடைட்டிஸ் (கல்லீரல் அழற்சி) உண்டு, உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ் உண்டு. ஆர்த்ரால்ஜியாவை இதோடு குழப்பக் கூடாது: ‘ஆல்ஜியா’ வலி மட்டும். மூட்டில் வீக்கம், சூடு மாதிரி அழற்சி அறிகுறி இருந்தால்தான் ஆர்த்ரைட்டிஸ் என்று எழுத வேண்டும். சிக்குன்குனியா நோயாளிக்கு நோட்ஸ் எழுதும்போது இந்த வித்தியாசம் தேவைப்படும்.

ரத்த ரிப்போர்ட்டில் அடிக்கடி வரும் வால்கள்: ‘ஈமியா’ ரத்தத்தில், ‘யூரியா’ சிறுநீரில், ‘பீனியா’ பற்றாக்குறை, ‘சைட்டோசிஸ்’ செல்கள் கூடியிருப்பது. டெங்கு நேரத்தில் வரும் த்ராம்போசைட்டோபீனியாவைப் பின்னாலிருந்து உடையுங்கள். பீனியா, குறைவு. சைட்டோ, செல். த்ராம்போ, உறைவு. அதாவது பிளேட்லெட் குறைவு, மைக்ரோலிட்டருக்கு 1.5 லட்சத்துக்குக் கீழ். த்ராம்போசைட்டோசிஸ் என்றால் நேர் எதிர், 4.5 லட்சத்துக்கு மேல். நடுவில் ‘சைட்டோ’ இல்லாமல் த்ராம்போசிஸ் என்று மட்டும் இருந்தால் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து கட்டியிருக்கிறது என்று பொருள். எண்ணிக்கையைப் பற்றி அந்தச் சொல் எதுவும் சொல்லாது.

பதில்: மருந்துச்சீட்டு

மாத்திரைக்கும் வால் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1953 முதல் வெளியிடும் பொதுப்பெயர்ப் பட்டியலில், ஒரே வகை மருந்துகளுக்குப் பொதுவான ஒரு பகுதி இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். எனலாப்ரில், ராமிப்ரில்: ‘ப்ரில்’ ரத்த அழுத்தத்துக்கு, வறட்டு இருமல் வரலாம். அந்த இருமலால் மாற்றினால் பெரும்பாலும் ‘சார்ட்டன்’தான், லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன். ‘ஓலால்’ இதயத் துடிப்பைக் குறைக்கும், அட்டெனோலால் கொடுக்குமுன் நாடி பார்ப்பது அதனால்தான்.

வழுக்கும் இடம் ‘அசோல்’. பாண்டோப்ரசோல் அமிலத்துக்கு, ஃப்ளுகோனசோல் பூஞ்சைக்கு, மெட்ரோனிடசோல் அமீபா மாதிரிக் கிருமிகளுக்கு. ஆகவே ‘ப்ரசோல்’, ‘கோனசோல்’, ‘நிடசோல்’ என்று வாலை இன்னும் நீளமாகப் பிடியுங்கள். அட்டோர்வாஸ்டாட்டின் கொலஸ்ட்ராலுக்கு, நிஸ்டாட்டினோ பூஞ்சை மருந்து. நியூயார்க் மாநிலத்தின் பெயரை வைத்து அதற்கு அந்தப் பெயர்!

பட்டையில் பெரிதாக இருக்கும் கம்பெனிப் பெயருக்கு இந்தக் கணக்கு ஓடாது. கீழே பொடி எழுத்தில் இருக்கும் பொதுப்பெயரைப் பாருங்கள்.

கேள்வி: புதுவெள்ளை

மிக்க நன்றி. இன்னொன்று: ஆஞ்சியோகிராம், ஆஞ்சியோபிளாஸ்டி?

பதில்: தியேட்டர்விளக்கு

‘ஆஞ்சியோ’ ரத்தக்குழாய், ‘கிராம்’ எடுத்த படம், ‘கிராஃபி’ படம் எடுக்கும் முறை, ‘பிளாஸ்டி’ சீர்செய்வது. நோயாளியின் வீட்டார் இரண்டையும் ‘ஆஞ்சியோ பண்ணினாங்க’ என்றே சொல்வார்கள். ‘ஸ்டென்ட் வெச்சாங்களா, இல்ல படம் மட்டும் எடுத்தாங்களா?’ என்று கேட்டுவிட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியையும் வாங்கிப் பார்த்து எழுதுங்கள். ஸ்டென்ட் (ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தவருக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் க்ளோபிடோக்ரெல் மாதிரி மருந்து ஓடிக்கொண்டிருக்கலாம், அதை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.